ஏரும் எழுத்தும்: பேஸ்டன் குடும்ப வரலாறு

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. நதியின் மூலத்தைத் தேடிச் சென்றால் பாறையிடுக்கில் கசியும் சிறு ஊற்றொன்றையே காண்போம். அதனால் நதிக்கு யாதோர் இழிவும் இல்லை. ஆயினும் மனிதர் தம் குலத்தின் மூலத்தை மட்டும் பிறர் காணாதிருக்கப் பெரிதும் பாடுபடுகின்றனர். அதற்காகப் பொருளைச் செலவிட்டுப் பொய்யான வமிசாவளிகளை எழுதிவைத்துக் கொள்ளவும் பின்வாங்குவதில்லை. இவ்வழக்கம் நம்மவர்க்கே உரியதென்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தின் நார்போக் ஜில்லாவில் வாழ்ந்த பேஸ்டன் குடும்பத்தின் வரலாறு, ஆங்கிலேயரிடத்தும் அது எவ்வளவு ஆழமாக வேரூன்றி நின்றது என்பதைக் காட்டுகின்றது. அப்பொய்யைக் காலம் எங்ஙனம் வெளிப்படுத்திவிட்டது என்பதையும் அதுவே காட்டுகின்றது.

ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற நாம் அந்நாட்டு அரசர்களின் பெயர்களையும், போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் நெட்டுருச் செய்தோம். ஆனால் பிரபுக்களுக்குக் கீழும் உழுதுண்ணும் குடிகளுக்கு மேலும் நின்ற ஜென்ட்ரி என்னும் நிலக்கிழார் வகுப்பைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டது சொற்பமே. ஊர்களில் நீதி செலுத்தியவர்களும், பாராளுமன்றத்தின் பொதுச்சபையை நிரப்பியவர்களும், குடிகளிடம் வாரம் பெற்று மாளிகைகளில் வாழ்ந்தவர்களும் பெரும்பாலும் இவ்வகுப்பினரே. தாங்கள் பிறப்பினாலேயே மேன்மக்கள் என்பது இவர்களுடைய நம்பிக்கை. அந்நம்பிக்கையின் உண்மையை அளந்தறிய விரும்புவோர்க்குப் பேஸ்டன் குடும்பத்தைவிடச் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. ஏனெனில் இக்குடும்பத்தார் 15ஆம் நூற்றாண்டில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களும், அவற்றோடு சேர்ந்த பத்திரங்களும் ஏறத்தாழ ஆயிரம் இன்றும் அழியாதிருக்கின்றன.

பேஸ்டன் என்பது நார்போக்கின் வடகிழக்குக் கடற்கரையை அடுத்த ஒரு சிற்றூர். 1348, 1349 ஆகிய ஆண்டுகளில் கரும் மரணம் எனப்பட்ட கொள்ளைநோய் இங்கிலாந்தைச் சூறையாடிற்று. மக்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாதோர் மாண்டனர். உழுவோரின்றிக் கிடந்த நிலங்களைப் பிழைத்திருந்த குடியானவர்களுள் ஊக்கமுடையோர் மெல்ல மெல்லத் தமதாக்கிக் கொண்டனர். அத்தகைய குடியானவர்களுள் ஒருவரே பேஸ்டன் ஊரினராகிய கிளமெண்ட் என்பவர். இவர் 1419ஆம் ஆண்டில் காலமானார்.

இவரைப்பற்றி நாம் அறிவதெல்லாம் அக்குடும்பத்தின் பகைவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பினாலேயாம். கிளமெண்ட் நேர்மையான உழவர். கோடையிலும் குளிர்காலத்திலும் தாமே ஏர்பிடித்து உழுதார். சேணமற்ற குதிரையின் முதுகில் தானிய மூட்டையைப் போட்டு அதன்மேல் அமர்ந்து ஆலைக்குச் சென்றார். மாவையும் அவ்வாறே சுமந்து மீண்டார். விளைந்ததை வண்டியிலேற்றித் தாமே ஓட்டிச் சென்று விற்றார். அவருக்கிருந்த நிலம் மிகுந்தால் 120 ஏக்கர். அதிலும் பெரும்பகுதி அடிமை நிலம். அவர் மணந்த பெண்ணோ குடியடிமையாகப் பிறந்தவள். இவ்வாறெல்லாம் அக்குறிப்பு கூறுகின்றது. பகைவர் எழுதியதாயினும், அதிற் கண்ட செய்திகள் நுணுக்கமாயிருத்தலால், வரலாற்றறிஞர் பெரும்பாலோர் அதன் சாரத்தை ஏற்றுக்கொள்கின்றனர்.

அக்குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. கிளமெண்ட் கடன் வாங்கித் தம் மகனைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினார் என்பதே அது. வழக்குரைஞராயிருந்த தாய்மாமனும் பணங் கொடுத்து உதவினார். பகைவர் இதனை வசையாகவே எழுதினார். கையில் காசில்லாத உழவன் கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்தான் என்று எள்ளி நகையாடுவதே அவர் கருத்து. இன்று படிக்கின்ற நமக்கோ, அக்குடும்பத்தின் நானூறாண்டு வரலாற்றில் இதனினும் பெருமைக்குரிய செயல் வேறொன்று உண்டோ என்றே தோன்றுகின்றது.

கடன்பணத்திற் படித்த அப்பிள்ளைதான் வில்லியம் பேஸ்டன். 1378ஆம் ஆண்டிற் பிறந்த இவர் சட்டம் பயின்று, படிப்படியாய் உயர்ந்து, 1429ஆம் ஆண்டில் பொதுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியானார். நல்ல நீதிபதி என்னும் சிறப்புப் பெயரும் பெற்றார். ஈட்டிய பொருளையெல்லாம் நிலத்திலேயே போட்டார். நைட் பட்டம் பெற்றவொருவரின் மகளாகிய ஆக்னஸ் என்பவளை 1420ஆம் ஆண்டில் மணந்துகொண்டார். தந்தை ஏர்பிடித்த ஊரில் மகன் பண்ணைக்கு உடையவரானார். ஒரே தலைமுறையில் இத்தகைய மாறுதல் நிகழ்ந்தது. அதனை நிகழ்த்தியது வாளுமன்று, பிறப்புமன்று, எழுத்தறிவே.

ஆனால் திடீரென உயர்ந்தவரைச் சுற்றிப் பொறாமையும் உயர்வது உலக இயல்பு. 1444ஆம் ஆண்டில் நீதிபதி இறந்தவுடன், அவர் வாங்கிய நிலங்களுக்கு உரிமை கோரிப் பலர் கிளம்பினர். அப்போது மகன் ஜான் பேஸ்டன் இருபது வயதைச் சற்றே கடந்தவர். இவரும் கேம்பிரிட்ஜிலும் இலண்டன் சட்டக் கழகத்திலும் பயின்றவர். மாட்பி என்னும் ஊரின் நிலங்களுக்கு உரியவளாகிய மார்கரெட்டை மணந்திருந்தார். வழக்குகளை நடத்துவதற்காக இவர் ஆண்டின் பெரும்பகுதியை இலண்டனிற் கழித்தார்; மனைவி நார்போக்கிலிருந்து பண்ணைகளை ஆண்டாள். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்றிருந்தமையாலேயே அத்தனை கடிதங்கள் எழுதப்பட்டன.

மார்கரெட் எத்தகைய பெண்மணி என்பதை ஒரு கடிதமே காட்டும். மொலின்ஸ் பிரபு என்பவர் 1448ஆம் ஆண்டில் கிரெஷாம் என்னும் பண்ணையைப் பலவந்தமாய்க் கைப்பற்றிக் கொண்டார். அவ்வாண்டில் அவள் கணவனுக்கு எழுதிய கடிதமொன்றில், வீட்டைக் காப்பதற்கு விசைவில்களும் அம்புகளும் போர்க்கோடரிகளும் வாங்கியனுப்புமாறு கேட்கின்றாள். அதே கடிதத்தில் ஒரு இராத்தல் வாதுமைப் பருப்பும், ஒரு இராத்தல் சர்க்கரையும், பிள்ளைகளின் அங்கிகளுக்குத் துணியும் வாங்கிவரச் சொல்கின்றாள். போருக்குரிய கருவியும் சமையலுக்குரிய பண்டமும் ஒரே சீட்டில்! 1450ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரபுவின் ஆட்கள் மீண்டும் வந்தனர். ஆயிரம் பேர் வந்தனரென்பது ஜான் அளித்த முறையீட்டிற் கண்ட கணக்கு. உள்ளேயிருந்தோர் மார்கரெட்டும் பன்னிருவருமே. வந்தவர்கள் அவளிருந்த அறையின் சுவரை அடியிலே தோண்டிச் சாய்த்து, அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டனர். இத்தனைக்கும் அவள் அஞ்சி ஓடினாளில்லை.

வெளியார் செய்த கொடுமை இது. வீட்டினுள்ளேயே நிகழ்ந்த கொடுமையையும் அக்கடிதங்கள் மறைக்கவில்லை. ஜானின் தங்கை எலிசபெத்துக்கு ஏறக்குறைய 20 வயதில் ஒரு வரன் பார்த்தனர். மணமகனுக்கு 50 வயதை ஒட்டியிருக்கும், மனைவியை இழந்தவர், நோயினால் உருக்குலைந்தவர். பெண் இசையவில்லை. தாய் ஆக்னஸ் அவளை வீட்டுக்குள் அடைத்து, எவரோடும் பேசவொட்டாமல் வைத்து, வாரத்திற்கு ஒருமுறை இருமுறை, சிலபோது ஒரே நாளில் இருமுறை, அடித்து வந்தாள். தலையில் இரண்டு மூன்றிடங்களில் மண்டை உடைந்தது. இவற்றையெல்லாம் இரக்கமுள்ள உறவினள் ஒருத்தி 1449ஆம் ஆண்டில் ஜானுக்கு எழுதித் தெரிவித்தாள். அத்திருமணம் நடைபெறவில்லை. எலிசபெத் பத்தாண்டுகள் கழித்தே வேறொருவரை மணந்தாள். அடித்தவள் நைட் ஒருவரின் மகள்; அடிபட்டவள் நீதிபதியின் மகள். மேன்மக்கள் வீட்டுச் சுவர்கள் உயரமானவை. அதனால் உள்ளேயிருந்து வரும் அழுகுரல் தெருவிற் கேட்பதில்லை. அதனைத் தவிர வேறு வேற்றுமை யாது?

இனி அக்குடும்பத்தின் பெருவழக்கைப் பற்றிச் சொல்வோம். பிரெஞ்சுப் போர்களிற் பெயர்பெற்ற சர் ஜான் பாஸ்டால்ப் என்னும் முதிய வீரர், கேஸ்டர் என்னுமிடத்தில் செங்கல்லாற் பெரியதொரு கோட்டை கட்டி வாழ்ந்தார். அவருக்குப் பிள்ளையில்லை. ஜான் பேஸ்டன் அவருக்குச் சட்ட ஆலோசகராயிருந்தார். 1459ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கிழவர் இறந்தபோது, அவர் தமது கடைசி நாட்களில் வாய்மொழியாய்த் தம் சொத்தனைத்தையும் தமக்கே அளித்தாரென ஜான் கூறினார். அதற்குப் பதிலாக 4000 மார்க்குப் பணமும், கோட்டையில் ஒரு மடம் நிறுவும் கடமையும் அவருக்கு விதிக்கப்பட்டனவாம். உடனிருந்த மற்ற நிருவாகிகள் இவ்வுயிலை ஏற்க மறுத்தனர். பிரபுக்களும் பாய்ந்து வந்தனர். வழக்கு நீண்டது. ஜான் மூன்றுமுறை இலண்டன் பிளீட் சிறையில் அடைபட்டார்.

இச்சமயத்திலேதான் பகைவர் பழைய ஏரை வெளியே இழுத்தனர். பேஸ்டன் குடும்பத்தார் பிறப்பினால் அரசருக்குக் குடியடிமைகள் என்று குற்றஞ் சாட்டினர். இது வெறும் வசைமொழி என்று எண்ணலாகாது. குடியடிமையின் உடைமையெல்லாம் ஆண்டானுக்கே உரியது என்பது அக்காலச் சட்டம். எனவே, பாட்டன் அடிமையென்று மெய்ப்பிக்கப்பட்டால் பேரன் அனைத்தையும் இழப்பான். பிறப்பைப் பற்றிய பேச்சு வந்தாலே, அதன் பின்னால் யாரோ ஒருவருடைய நிலத்தின்மேல் ஒரு கண் இருக்கிறதென்று அறிதல் வேண்டும். அங்கும் அஃதே நிகழ்ந்தது.

1466ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜான் பேஸ்டன் இலண்டனில் இறந்தார். உடலை நார்போக்குக்குக் கொணர்ந்து புரோம்ஹோம் மடத்தில் அரசருக்குரிய ஆடம்பரத்தோடு அடக்கஞ் செய்தனர். தீவட்டிகளின் புகை வெளியேறுவதற்காகக் கோயிற் சன்னலின் இரண்டு கண்ணாடிகளைக் கழற்றி மீண்டும் பொருத்த 20 பென்சு கூலி கொடுத்தனரென்று செலவுக் கணக்கு கூறுகின்றது. இத்துணை ஆடம்பரஞ் செய்தவர்கள் கல்லறைக் கல் மட்டும் வைக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அது ஊரார் பேசும் வெட்கக்கேடாயிற்றென்று மார்கரெட் மகனுக்கு எழுதுகின்றாள்.

அவ்வாண்டிலேயே மூத்த மகனாகிய சர் ஜான் நான்காம் எட்வர்டு மன்னரிடம் சென்று பழம்பத்திரங்கள் சிலவற்றைக் காட்டினார். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலந்தொட்டே பேஸ்டன் குடும்பத்தார் உயர்குடி மக்களே என்று மன்னர் முத்திரையிட்டுச் சொல்லிவிட்டார். ஏர்பிடித்த கிளமெண்ட் ஒரே நாளில் மறைந்தார். அவருக்குப் பதிலாகப் போர்வீரரான முன்னோர் பலர் தோன்றினர். கடன் வாங்கிப் படிக்கவைத்த பாட்டனைப் பேரர் காகிதத்திலிருந்து அழித்துவிட்டனர்.

இப்பொய்க்கு விலை கொடுத்தவள் அவ்வீட்டுப் பெண்ணொருத்தி. அதனை அறிவதற்கு 1469ஆம் ஆண்டைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும்.

பேஸ்டன் குடும்பத்தின் பண்ணைகளுக்குக் காரியஸ்தராயிருந்தவர் ரிச்சர்ட் கால் என்பவர். குடிகளிடம் வாரம் தண்டுவது, தானியம் விற்பது, வரவு செலவு எழுதுவது, எசமானுக்கு நிலைமையை எழுதித் தெரிவிப்பது ஆகியன அவர் வேலை. தோட்டத்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மனோர்க்கு இவ்வேலை அயலானதன்று. எசமான் சிறையிலிருந்த காலத்தும், பகைவர் ஆயுதத்தோடு திரிந்த ஊர்களிலும், வாரம் வராவிட்டால் குடும்பம் வீழ்ந்துவிடும் என்றறிந்து அவர் உழைத்தார். மார்கரெட்டின் கடிதங்கள் பிறர் கையினால் எழுதப்பட்டவை. அவற்றுட் சில ரிச்சர்ட் காலின் கையெழுத்திலேயே உள்ளன. அவளுடைய மனத்திலிருந்ததைத் தாளில் வைத்த கை அது.

அவருக்கும் மார்கரெட்டின் மகள் மார்ஜரிக்கும் காதல் உண்டாயிற்று. சாட்சிகளோ பாதிரியாரோ இன்றி இருவரும் தம்முள் மணவுறுதி செய்துகொண்டனர். இது வெளிப்பட்டதும் வீடு கொந்தளித்தது. இளைய சகோதரனும் ஜான் என்னும் பெயருடையவன். அவனை இளைய ஜான் என்போம். தன் தங்கை பிராம்லிங்காம் கடைத்தெருவில் மெழுகுவத்தியும் கடுகும் விற்கப் போவதற்குத் தான் ஒருபோதும் இசையேன் என்று அவன் அண்ணனுக்கு எழுதினான். காலின் சுற்றத்தார் அவ்வூரிற் கடை வைத்திருந்தவர்கள். உழவன் பேரனின் மகன், கடைக்காரனை இழிந்தவன் என்கின்றான்! மெழுகுவத்தி விற்றல் இழிவாயின், மாவு மூட்டையின்மேல் அமர்ந்து சென்றது யாது? அரசர் முத்திரை அதனை மறக்கச் செய்துவிட்டது.

காதலரைப் பிரித்து வைத்தனர். அக்காலத்தில் கால் மார்ஜரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கின்றது. அவளோடு பேசி ஆயிரமாண்டு கழிந்தாற் போலிருக்கிறதென்று வருந்துகின்றார். கணவன் மனைவியாயினோரைப் பிரிப்பவர் கடவுளுக்கு விடைசொல்ல வேண்டுமென்கின்றார். படித்தவுடன் கடிதத்தை எரித்துவிடுமாறும் வேண்டுகின்றார். அது எரிக்கப்படவில்லை, குடும்பத்தாரின் கட்டிலேயே கிடந்தது.

செப்டம்பர் மாதத்தில் நார்விச் பிஷப் இருவரையும் அழைத்துத் தனித்தனியே விசாரித்தார். கிறிஸ்தவத் திருச்சபையின் அக்காலச் சட்டப்படி, மணமக்கள் இருவரும் மனமொத்து உரிய சொற்களைச் சொல்லிவிட்டாற் போதும். சடங்கில்லாவிடினும் மணம் மணமே. ஆதலின் எந்தச் சொற்களைச் சொன்னாய் என்று பிஷப் மார்ஜரியைக் கேட்டார். குலத்தின் பெருமையையும், சுற்றத்தார் கைவிட்டால் நேரும் துன்பத்தையும் எடுத்துரைத்து அச்சுறுத்தினார். மார்ஜரி தான் சொன்ன சொற்களை ஒளிவின்றிக் கூறினாள். அச்சொற்கள் மணத்தை உறுதிப்படுத்தப் போதாவெனின், அங்கிருந்து போகுமுன் இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டே போவேன் என்றாள். இருபது வயதை ஒட்டிய ஒரு பெண், பிஷப்பின் முன் தனித்து நின்று சொன்ன விடை இது. பேஸ்டன் குடும்பத்து ஆண்கள் போர்க்களத்தில் காட்டிய வீரம் எதுவும் இதற்கு ஈடாகுமென்று நாம் எண்ணவில்லை.

விசாரணை முடிந்து திரும்பிய மகளுக்கு மார்கரெட் கதவைத் திறக்கவில்லை. தன் வீட்டிலோ, தன் நண்பர் வீட்டிலோ அவளை ஏற்கலாகாதென்று கட்டளையிட்டாள். மூத்த மகனுக்கு எழுதும்போது, நாம் இழந்தது பயனற்ற ஒருத்தியையே. அதற்காக வருந்தாதே என்று தேற்றுகின்றாள். பிஷப்பினால் அம்மணத்தை இல்லையென்று சொல்ல முடியவில்லை. மார்ஜரி ரிச்சர்ட் காலின் மனைவியானாள். குடும்பத்தார் மருமகனை ஏற்காவிடினும் அவருடைய கணக்குப் புத்தகத்தை விட முடியவில்லை. அவர் சேவை பின்னும் சிலகாலம் அவர்களுக்கு வேண்டியதாயிற்று!

மார்ஜரி பிஷப்பின் முன் நின்ற அதே நாட்களில் கேஸ்டர் கோட்டையைச் சூழ்ந்து பீரங்கிகள் முழங்கின. நார்போக் டியூக் 3000 பேரோடு வந்து முற்றுகையிட்டிருந்தார் என்பர். உள்ளே ஏறக்குறைய 30 பேரை வைத்துக்கொண்டு இளைய ஜான் எதிர்த்து நின்றான். உணவும் வெடிமருந்தும் தீர்ந்தபின், செப்டம்பர் இறுதியில், உயிரும் குதிரையும் கொண்டு வெளியேறலாம் என்னும் உடன்பாட்டின்மேல் கோட்டையைக் கொடுத்தனர். டியூக் 1476ஆம் ஆண்டில் இறந்த பின்னரே அது மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது. ஒரே மாதத்தில் கோட்டையையும் மகளையும் அக்குடும்பம் இழந்தது. கோட்டையை மீட்க ஏழாண்டுகள் வழக்காடினர். மகளை மீட்க முயன்றதாக ஒரு கடிதமும் இல்லை.

1471ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் நடந்த பார்னெட் போரில் சகோதரர் இருவரும் தோற்ற கட்சியாகிய லங்காஸ்டர் பக்கம் நின்று பொருதனர். இளைய ஜானின் வலக்கையில் அம்பு தைத்தது. மன்னிப்புப் பெற்று உயிர் தப்பினர். பின்னர் அதே இளைய ஜான், மார்ஜரி புரூஸ் என்னும் பெண்ணின்மேல் காதல் கொண்டான். தந்தையார் கொடுக்க இசைந்த சீதனம் அவன் கேட்டதினும் குறைவு. பேச்சு முறியும் நிலையில், 1477ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்பெண் அவனை வாலண்டைன் என்று விளித்துக் கடிதம் எழுதினாள். தாய் எவ்வளவோ முயன்றும் தந்தை இதற்குமேல் தர இசையவில்லை. நீர் என்மேல் அன்புடையீராயின் இதற்காக என்னைக் கைவிட மாட்டீர் என்பது அதன் கருத்து. ஆங்கில மொழியில் இன்று கிடைக்கும் வாலண்டைன் கடிதங்களுள் இதுவே மிகப் பழையதென்பர். திருமணம் நடந்தது. தங்கையின் காதலைக் கடுகுக்கடையென்று பழித்தவன், தன் காதலுக்குச் சீதனக் கணக்கைத் தளர்த்திக்கொண்டான்! ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி என்பது அந்நாட்டிலும் செல்லுபடியான நாணயமே.

மூத்தவராகிய சர் ஜான் 1479ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க் காலத்தில் இலண்டனில் இறந்தார். மணமாகாதவராதலின் சொத்து இளைய ஜானுக்கு வந்தது. அவர் 1487ஆம் ஆண்டு ஸ்டோக் போரில் ஏழாம் ஹென்றி மன்னர் பக்கம் நின்று நைட் பட்டம் பெற்று, 1504ஆம் ஆண்டில் இறந்தார். மார்கரெட் 1484ஆம் ஆண்டில் மாண்டாள். இரண்டாண்டுகளுக்கு முன் அவள் எழுதிவைத்த உயிலில் மார்ஜரியின் மூத்த மகன் ஜான் காலுக்கு 20 பவுன் எழுதியிருந்தாள். மகளுக்குத் திறவாத கதவு பேரனுக்கு இவ்வளவேனும் திறந்தது. கல்லும் கரையும்போலும்! ஆனால் 13 ஆண்டுகள் ஆயின.

அதன்பின் அக்குடும்பத்தின் உயர்வைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். இளைய ஜானின் பேரராகிய கிளமெண்ட் கடற்படைத் தலைவராகி 1546ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கப்பலொன்றைச் சிறைப்பிடித்தார். ஆக்ஸ்நெட் என்னுமிடத்தில் மாளிகையும் எழுப்பினார். உழவராகிய பழைய கிளமெண்டின் பெயரே அவருக்கும் இருந்தது. ராபர்ட் பேஸ்டன் 1679ஆம் ஆண்டில் யார்மத் ஏர்ல் என்னும் பிரபுப் பட்டம் பெற்றார். அவர் மகன் வில்லியம், இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு மணத்திற்குப் புறம்பே பிறந்த மகளை மணந்தார். இக்குடும்பம் சேர்த்துவைத்த வெள்ளிக் கிண்ணங்களும், சிப்பிப் பாத்திரங்களும், அரும்பொருள்களும் ஒரு பெரிய ஓவியத்தில் தீட்டப்பட்டு இன்றும் நார்விச் கோட்டைக் காட்சிசாலையில் இருக்கின்றன. அப்பொருள்களின் நடுவே ஓவியர் ஒரு மணல் கடிகாரத்தையும் வரைந்து வைத்தார். அது வீணாகவில்லை. உள்நாட்டுப் போரில் ஏற்பட்ட நட்டமும் ஆடம்பரமும் கடனாய்க் குவிந்தன. 1732ஆம் ஆண்டில் இரண்டாம் ஏர்ல் ஆண் வாரிசின்றி இறந்தபோது பட்டம் ஒழிந்தது; சொத்துகள் கடன்காரர்க்குப் போயின. ஆக்ஸ்நெட் மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே.

எது நின்றது? இரண்டு நின்றன. வில்லியம் பேஸ்டன் என்னும் நைட் ஒருவர் 1606ஆம் ஆண்டில் வடவால்ஷாம் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நிறுவினார். பிற்காலத்தில் டிரபால்கர் கடற்போரில் வென்று மடிந்த நெல்சன் சிறுவனாயிருந்தபோது அங்கேதான் படித்தார். கடன்பட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய உழவனுக்கு அவன் வமிசத்தார் செலுத்திய தக்க நன்றி இது ஒன்றே எனலாம்.

மற்றொன்று கடிதக் கட்டு. கடன் தொல்லையால் அதுவும் விலைக்குப் போயிற்று. பீட்டர் லெ நீவ் என்னும் பழம்பொருள் ஆராய்ச்சியாளரிடமும், பின்னர் வேறு சிலரிடமும் கைமாறி, இறுதியில் ஜான் பென் என்பவரை அடைந்தது. அவர் 1787ஆம் ஆண்டில் முதலிரு பாகங்களை அச்சிட்டார். சில நாட்களில் விற்றுத் தீர்ந்தன. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு நைட் பட்டமளித்தார். அசல்களிற் சில நூறாண்டுக் காலம் காணாமற்போய் 1889ஆம் ஆண்டில் மீண்டும் கிடைத்தன. இன்று அவற்றிற் பெரும்பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது.

அரசர் முத்திரையிட்ட வமிசாவளியை இன்று எவரும் நம்புவதில்லை. பகைவர் இழிவென்று எழுதிய ஏரும், வண்டியும், கடனுமே வரலாறாய் நிலைத்தன. கோட்டையைக் காத்தவனைவிட, கடைத்தெருவுக்குப் போனாளென்று கதவடைக்கப்பட்டவளே படிப்போர் மனத்தில் உயர்ந்து நிற்கின்றாள். தாழ்வென்று எண்ணி எதை மறைத்தார்களோ அதுவே அவர்கள் பெருமை. பெருமையென்று எண்ணி எதைச் செய்தார்களோ அதுவே அவர்கள் தாழ்வு.

பேஸ்டன் குடும்பத்தார் தம் பாட்டனை மறைத்ததனால் எவரும் அவர்களைத் துன்புறுத்தியிருக்க வேண்டியதில்லை. நிலத்தைக் காக்க அஞ்சியோர் அவ்வாறு செய்தனரென்று விட்டுவிடலாம். ஆனால் தாம் சொன்ன பொய்யைத் தாமே நம்பி, அதனை வைத்துத் தம் பெண்ணை அளந்தனரே, அதுவே பெரும்பிழை. தாழ்ந்த நிலையிலிருந்து கல்வியாலும் உழைப்பாலும் உயர்வது அரிய செயல். உயர்ந்தபின் அந்நிலையை நினைவில் வைத்திருப்பது அதனினும் அரிது. வீட்டுச் சுவரில் முன்னோர் படம் மாட்டுவோர், ஏர்பிடித்த முன்னோனுக்கும், பால்மரம் சீவிய முன்னோளுக்கும் முதலிடம் கொடுப்பாராக. அப்படங்களின் கீழ் வளரும் பிள்ளைகள், வாசலில் வந்து நிற்பவன் எக்குலத்தான் என்று கேட்க நா எழாமல் வளர்வர்.